ஒரு கை மட்டும் பூசியிருந்தது

அந்த வெள்ளைப் பையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது.

குடலில் ஆபரேஷன் ஆன என் மனைவி, வாய்வழியாகச் சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்றார்கள். வலது புஜத்தில் ஒரு டியூபைச் செருகி, நெஞ்சிலுள்ள பெரிய ரத்தக் குழாய்வரை விட்டு, ஒரு வெள்ளைப் பையில் பால்போல இருந்த உணவை அதன் வழியே ஏற்றினார்கள்.

ஆறாம் நாள், "கை கனக்கி, வலிக்கி" என்றாள். நர்ஸைக் கூப்பிட்டேன். வாசலில் நின்றபடியே பார்த்தார்.

"சத்து ஏறுதுல்லா அண்ணாச்சி, அதான் கை பூசுன மாதிரி இருக்கு."

மடையன் நான், சந்தோஷப்பட்டேன். வற்றிக் கிடந்தவளுக்குச் சதை பிடிக்கிறது என்று, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கையைக் காட்டினேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன் நான். சரக்கு கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் தூக்க மாட்டேன். இரண்டு கையில் ஒன்று மட்டும் எப்படிச் சதை போடும் என்று கேட்கத் தோன்றவில்லையே!

எங்கள் கடற்கரையில் மாதா கெபியில், அந்தச் சின்னக் குகைக் கோயிலில், எரியும் விளக்கின் எண்ணெயைத் தொட்டு நோயாளியின் நெற்றியில் சிலுவை போடுவார்கள். எனக்கு அது போதவில்லை. ஒரு குப்பி நிறைய வாங்கிவந்து, மூன்று நாள் காலையும் மாலையும் அந்தக் கையை அழுத்தித் தேய்த்தேன்.

விரல்கள் நீலம் பாரித்த பிறகுதான் பெரிய டாக்டர் வந்தார். ஸ்கேன் எடுத்தார்கள். டியூபைச் சுற்றி ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது, அது பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்றார். எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்து, தேய்த்தது யார் என்றும் கேட்டார்.

"இவருதான் சார். சொன்னாக் கேக்கவே மாட்டாரு" என்றார் நர்ஸ்.

பச்சைப் பொய். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"எப்ப சொன்னீங்க? மூணு நாளா வலிக்கின்னு சொன்னாளே, ஒரு தடவ தொட்டுப் பாத்தீங்களா?" வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "சார், நீங்களாவது இந்தப் பக்கம் வந்தீங்களா?"

டாக்டர் ஸ்கேன் தாளைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. என் மனைவி இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அவுகள மட்டும் ஏன் ஏசுதீய? தேய்க்காதீயன்னு நான் அழுதேன்லா, நீங்க கேட்டீயளா?"



நல்லவேளை, கட்டி பிய்ந்து போகவில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாதக்கணக்கில் வயிற்றில் ஊசி போட்டுப் பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்காரர்களை நான் இன்னும் ஏசிக்கொண்டுதான் இருக்கிறேன். அவளுக்கு இப்போதும் சில நாள் அந்தக் கை வலிக்கும். என்னவென்று பார்க்க நான் பக்கத்தில் போனால், சேலைக்குள் இழுத்து மறைத்துக்கொள்கிறாள்.