இரண்டு பெயர்களைக் கூப்பிட்ட குரல்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், பிழைகளை நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்லலாம் என்றால் அதற்கும் கூச்சம்.

இன்று அந்தியில் எதிர்வீட்டுப் பையனின் சட்டைப்பையில் போன் அடித்தது. அவன் அம்மாதான். எடுத்துப் பார்த்தான், நிறுத்தினான், நண்பனின் பைக்கில் ஏறிப் போய்விட்டான். எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கமிருந்து கன்டெய்னர் லாரியின் ஹாரனும், டீசலும் கருவாடும் கலந்த வாடையும் வந்தன. எனக்குப் பாபு ஞாபகம் வந்துவிட்டான்.

மீசை அரும்பும் வயதில் அந்த லாரிகள்தான் எங்கள் விளையாட்டு. சைக்கிளில் போய், பின்னால் தொங்கும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டால் மிதிக்காமலே பறக்கலாம். நான் பயந்தாங்கொள்ளி, பிடித்ததைவிட விட்டதுதான் அதிகம். பாபு விடவே மாட்டான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் என் அக்கா தெருமுனையில் நின்று கூப்பிடுவாள். "டேய் சின்னவனே... வூட்டுக்கு வாடா!" சங்கு ஊதினமாதிரி இருக்கும். பையன்கள் குரலை மெல்லிசாக்கி, "சின்னவனே, பால் குடிக்க வாடா கண்ணு" என்பார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல் இருக்கும். பாபு மட்டும் சிரிக்கமாட்டான். அவனுக்கு அப்பா இல்லை. அம்மா காசிமேட்டில் மீன் வெட்டிவிட்டு வர இரவாகிவிடும்.

ஒருநாள் சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். "மச்சி, உங்கக்காவாண்ட சொல்லி என் பேரையும் சேத்துக் கூப்ட சொல்றியா? சும்மாதான்."

மறுநாள் அக்கா கூப்பிட்டாள். "டேய் சின்னவனே... டேய் பாபு!"

அப்போதுதான் பாபு ஒரு லாரிச் சங்கிலியைப் பிடித்திருந்தான். விட்டுவிட்டுத் திரும்பி வந்தான். "இன்னாக்கா, பேஜாரு பண்ற?" என்று சலித்துக்கொண்டான். முகமெல்லாம் பல். அக்கா, "டீ ஆறிக்கினு கீது. குடிச்சிட்டுப் பேசு" என்றாள். அதன்பின் தினமும் எங்கள் வீட்டில்தான் பொறை ரொட்டியை டீயில் முக்கித் தின்பான்.

அக்காவை மாத்தூரில் கட்டிக்கொடுத்தோம். அடுத்த வாரம் ஒருநாள் சாலையில் இருட்டிவிட்டது. யாரும் கூப்பிடவில்லை.

"வாடா, போலாம்" என்றேன்.

"நீ போ மாமு. என்னை யாரு தேடப்போறா? தோ, இந்த ஒரு வண்டிதான்."

விம்கோ நகர் தாண்டுவதற்குள் அந்த லாரி பிரேக் போட்டது.

பாபுவை அடக்கம் செய்த அன்று வந்திருந்த அக்கா, அந்தியில் தெருமுனைக்குப் போனாள். கால் பழக்கம். "டேய் சின்னவனே" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பிறகு இன்னொரு பெயர் சொல்லும் நேரம், திறந்த வாயோடு சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது எங்கள் தெருவில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. போன் அடிக்கிறது, நின்றுவிடுகிறது.

இதை எழுதும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்வீட்டம்மா இன்னும் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். அவர் பையனின் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். பேனாவை வைத்துவிட்டுத் தெருமுனைக்குப் போனேன். கூச்சத்தை விட்டு, வாழ்நாளில் முதல்முறையாகச் சத்தம்போட்டுக் கூப்பிட்டேன்.

வாயில் பாபு என்றுதான் வந்தது.

கார்த்திகை மாதம், முதல் திங்கட்கிழமை, விளக்கு வைத்தபின்.