வலைக்குள் பூத்த பூசணி

கல்லூரி இரண்டாம் ஆண்டுக் கோடை விடுமுறையில் எனக்குக் கிடைத்த வேலை, விக்கிரமசிங்கபுரத்துக்கு வெளியே ஒரு பூசணித் தோட்டத்தில் தேனீக்களை எண்ணுவது. தோட்டம் ஒரு அக்காவுடையது. முதல் நாளே சுக்குக் காப்பி கொடுத்து என்னைத் தன் வீட்டுப் பெண்ணாக்கிக்கொண்டார். காலையில் ஊர் மில்லின் சங்கு ஊதும்போது பூக்கள் விரிந்திருக்கும். பத்து மணிக்குள் சுருண்டுவிடும். தோட்டத்தை ஒட்டிய கால்வாயின் சத்தமும் தேனீக்களின் ரீங்காரமும் சேர்ந்து கண்ணைச் சொக்கவைக்கும். எத்தனையோ முறை எண்ணிக்கையைத் தவறவிட்டு, எந்தப் பூவில் இருந்தேன் என்று தேடியிருக்கிறேன்.

சில பெண் பூக்களை மொட்டிலேயே கொசுவலைப் பையால் மூடியிருந்தேன். தேனீ தொடாத பூவில் காய் பிடிக்காது என்று காட்டுவதுதான் என் கல்லூரி ஆய்வே. ஆனால் முதல் இரண்டு உதிர்ந்தபின், வலைக்குள் இருந்த பிஞ்சுகள் ஒவ்வொன்றாகத் திரள ஆரம்பித்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. தேனீயே வேண்டாத பூசணியைக் கண்டுபிடித்துவிட்டேன். அன்று முழுக்கக் கால்வாய்க் கரையில் கனவில் மிதந்தேன். பெரிய மேடை, கழுத்தில் மாலை, முதல் வரிசையில் என் பேராசிரியர், எல்லாம் பார்த்தாகிவிட்டது.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் போனேன். அக்கா குனிந்து, வலையை மெல்ல விலக்கி, ஒரு ஆண் பூவை உள்ளே தடவிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா செய்யுதீங்க?"

"நீ மூடி வச்சதுல ரெண்டு வெம்பி விழுந்துட்டு பிள்ளே. உனக்கு மார்க்கு போயிரும்லா. தேனீ வராத நாள்ல நாங்க இப்படித்தான் தொட்டு விடுவோம்."

அழுகையும் கோபமும் சேர்ந்து முட்டின. விடுமுறை முடிய இரண்டு வாரம்தான். கொடிகளில் மொட்டுகளும் குறைந்துவிட்டன. "காய் பிடிக்கவே கூடாதுக்கா. எல்லாம் போச்சு" என்று கத்திவிட்டேன்.

அவர் கையிலிருந்த பூவையே பார்த்தார். "பிடிக்கக் கூடாதுன்னு ஒரு படிப்பா?" என்று மட்டும் கேட்டார்.

எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, மிச்சமிருந்த மொட்டுகளில் புதிதாக வலை கட்டினேன். அக்காதான் நூல் பிடித்துத் தந்தார். இனித் தொடமாட்டேன் என்றார், தொடவும் இல்லை. களை பறித்துக்கொண்டே வருபவர், வலை கட்டிய கொடி வந்ததும் நிமிர்ந்து, கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு கடந்து போவார். கத்தியதற்காக எனக்கு வெட்கமாக இருந்தது.

பிஞ்சுகள் மஞ்சளாகி வெம்பின. ஆய்வு சரியாக வந்துவிட்டது. முதல் பிஞ்சு விழுந்த அன்று அக்கா அதை எடுத்துவந்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இது போதுமா பிள்ளே?"

பிஞ்சை நோட்டின் மேல் வைத்துவிட்டு, அவரோடு களை பறிக்கக் குனிந்தேன்.