அம்மாவுக்குக் கிடைக்காத கௌரவமான சாட்சிகள்

அம்மாவை அந்நிய நாட்டுக்காரி என்று போலீசில் எழுதிக் கொடுத்தவர் என் பெரியப்பா. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்து அவள் வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுப் போகிறவர்.

அம்மா ரங்கூனில் பிறந்த பர்மாக்காரி. அங்கே மர மில்லில் கணக்கெழுதிய என் அப்பாவைக் கோயிலில் மாலை மாற்றிக் கட்டிக்கொண்டாள். ஜப்பான் குண்டு விழத் தொடங்கியதும் அப்பா, அம்மா, சிறுமியான நான், மூவரும் கப்பலேறி ராயபுரம் வந்தோம். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். சுதந்திரத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு இறந்தார். பூர்வீக வீட்டில் அவர் பங்காக நாங்கள் குடியிருந்த இரண்டு அறைகள், அடுத்த தெருவில் இருந்த பெரியப்பாவின் கண்ணை உறுத்தின. பர்மாதான் தனி நாடாகிவிட்டதே, இவளை அங்கேயே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டிருந்தார்.

நிரந்தரமாகத் தங்க அம்மா விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள் போலீசில். நான் அப்போது தண்டையார்பேட்டையில் பள்ளி ஆசிரியை. லீவு போட்டு அந்த ஆபீசுக்கு அழைத்துப் போனேன். அதிகாரி அம்மாவை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"கல்யாணத்துக்கு என்ன ருசு?" என்று என்னிடம் கேட்டார்.

"கோயில் கல்யாணம் சார்."

"அந்தக் கோயில்லேர்ந்து எழுதி வாங்கிட்டு வாங்க."

"அந்தத் தெருவே எரிஞ்சு போச்சு சார்."

"அதுக்கு நான் என்ன செய்ய?" என்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். ஒரு ஊர் எரிந்ததை இப்படி ஒதுக்கிவிட ஒரு மேஜையும் மின்விசிறியும் இருந்தால் போதும் என்று அன்று தெரிந்துகொண்டேன். கடைசியில், கௌரவமான இருவர் நன்னடத்தைக்குச் சாட்சி சொன்னால் பார்க்கலாம் என்றார்.

எங்கள் தெருவில் கௌரவத்துக்குப் பஞ்சமில்லை. விறகுத் தொட்டிக்காரர், "உங்க பெரியப்பா மனசு நோகுமேம்மா" என்று இழுத்தார். அப்பாவோடு வேலை பார்த்தவர் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னார். எப்படியும் ஒருவரிடம் கேட்க வேண்டுமே என்று பெரியப்பாவிடமே போனேன். "எனுக்கு குடும்ப மானம்னு ஒண்ணு கீதும்மா" என்றார். எந்த முகத்தோடு சொன்னாரோ!

அடுத்த வீட்டில் இருந்த, மீன் விற்கும் அக்கா மட்டும் தானாக வந்தாள். "நான் சொல்றேன். கைநாட்டுதான் வெப்பேன், பரவால்லியா?"

விசாரணைக்கு இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தபோது அவளும் எங்களோடு நின்றாள். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "மீன்காரி சாட்சியெல்லாம் எடுபடாது. மரியாதப்பட்ட ஆளா பாருங்க."

அதுவரை வாய் திறக்காத அம்மா முன்னால் வந்தாள்.

"இன்னா சார் மரியாத? எம் புருசன் செத்த அன்னிக்கு மரியாதப்பட்டவன் ஒருத்தன் வூட்டாண்ட வரல. தண்ணி தூக்கியாந்து ஊத்துனது இவதான். என்னைக் கப்பல்ல ஏத்தணும்னா ஏத்திக்கோ. இவளப் பேஜாரு பண்ணாத!"

இன்ஸ்பெக்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பாதி புரியாமல் என்னைப் பார்த்தார். "பர்மாக்காரின்னாங்க. இது என்ன பாஷை?"

"ராயபுரம் பாஷை சார்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். ஆனாலும் சட்டம் கைநாட்டுக்கு மசியவில்லை. எங்கள் தலைமை ஆசிரியை தானும் கையெழுத்துப் போட்டு, தன் கணவரையும் போட வைத்தார். அந்த இருவரும் அம்மாவை அதற்கு முன் பார்த்ததுகூட இல்லை. அதிகாரிக்கு அது போதுமாயிருந்தது.

பல மாதம் கழித்து அனுமதி வந்தது. அந்த வாரமே பெரியப்பா பூந்திப் பொட்டலத்தோடு வந்து, "நான்தான் சொல்லி முடிச்சேன்" என்றார். அம்மா பொட்டலத்தை வாங்கவில்லை, உட்காரச் சொல்லவுமில்லை. சற்று நேரம் வாசற்படியில் நின்றுவிட்டுப் போனார்.

சில வருடங்களில் அவர் இறந்தார். அம்மா சாவு வீட்டுக்குப் போய் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.