அழாத பிள்ளை

அலுவிகாரையில் தபால் கந்தோர் வேலை, பல்லேபொலயில் வீடு. றொபின்சன் எதையும் கடைசி நேரத்துக்கு விடுகிற ஆளில்லை. மூன்று வயது மகள் மெலிஷாவை ஜனவரியில் கந்தோருக்குப் பக்கத்து டே கெயாரில் சேர்க்க, ஜூனிலேயே பெயர் கொடுத்துவிட்டார். பிள்ளைக்கு இடம் பழகட்டும் என்று சனிக்கிழமை தவறாமல் பஸ்ஸில் கூட்டிவந்தார். பூட்டிய கேட்டுக்கு இருவரும் டாட்டா காட்டுவார்கள். எதிர்க்கடையில் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள்.

"கேட்டுக்குமா பழக்குவாங்க?" என்று சிரித்தாள் மனைவி டொறீன்.

"பாத்துக்கிட்டே இரு, நம்ம பிள்ளை மட்டும் அழாது."

முதல் நாள் மெலிஷா அழவேயில்லை. கேட்டைத் திறந்த டீச்சருக்குச் சிரித்தபடி டாட்டா காட்டிவிட்டு, அப்பாவின் விரலைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்கப்பா, ஐஸ்கிரீம் வாங்கிட்டு வீட்டுக்குப் போவோம்."