ராஜாவுக்காக நான் வாங்கிய திட்டு

நேற்று பேத்தியின் முகத்தில் தேங்காயெண்ணெய் தடவி வேஷத்தைக் கலைத்துக்கொண்டிருந்தேன். பள்ளி ஆண்டு விழா, இரண்டு நாள் நாடகம், அவள்தான் ராஜா. முதல் நாள் ஆட்டம் முடிந்ததுமே டீச்சர் வந்து, "உன் சத்தம் பின்வரிசைக்குக் கேக்கல. நாளைக்குச் சரி பண்ணிக்க" என்றார். நேருக்கு நேர், ஒரு ராஜாவிடம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பேத்தியோ "சரி மிஸ்" என்று சொல்லிவிட்டு முறுக்கைக் கடித்தாள்.

எண்ணெயும் அரிதாரமும் கலந்த அந்த வாசனை இருக்கிறதே, அது என்னை யுத்த காலத்துத் தருமபுரிக்கே கொண்டுபோய்விட்டது. எங்கள் நாடகக் கம்பெனி அங்கே கொட்டகை போட்டிருந்தது. நான் மந்திரி வேஷக்காரன். "ஆம் மன்னா", "ஆகட்டும் மன்னா", நடுவில் ஒரு சின்னப் பாட்டு, அவ்வளவுதான் என் பங்கு. இண்டூரில் மாமனார் வீட்டில் மனைவி முழுகாமல் இருந்தாள். வேலை போனால் தன் ஆடுகளை மேய்க்க வந்துவிட வேண்டியதுதான் என்று மாமனார் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். மனுஷர் சொன்ன சொல் தவறாதவர்.

காலையில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து, முகத்தில் ஒட்டியிருக்கும் மிச்ச அரிதாரத்தை எண்ணெய் தடவித் துடைப்போம். அப்போதுதான் மேனேஜர் வந்து முந்தின ஆட்டத்தின் குறைகளைச் சொல்லுவார். எங்களுக்கெல்லாம் நேராகவே சொல்லிவிடுவார். ராஜா வேஷம் கட்டும் ராஜபார்ட்டிடம் அப்படிச் சொல்ல முடியுமா? அவர் முகம் வாடினால் சாயங்காலம் தொண்டை கட்டிவிடும். தொண்டை கட்டினால் கொட்டகை காலி. அதனால் அவருக்கு உரியதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு வரும்.

"ஏம்ப்பா மந்திரி, ஒரு பாட்டையே ஊர் தூங்கற வரைக்கும் இழுக்கறியே, நாயமா?"

"இனிமே பாத்துக்கறனுங்க" என்பேன். பாட்டை இழுத்தவர் காதில் விழாதவர்போல மூக்கைத் துடைத்துக்கொண்டிருப்பார். அன்று மாலை பாட்டு கச்சிதமாக முடியும். வாளை இடக்கையால் உருவியதற்கும் ராணியின் பெயரை மறந்ததற்கும் நான்தான் திட்டு வாங்கினேன். எனக்கு வாளும் கிடையாது, ராணியும் கிடையாது.

ஒரு வருஷம் இப்படியே போயிற்று. ஒரு நாள் காலை மேனேஜர் வந்தார். "மந்திரி, உன் தொண்டை போயே போச்சு. இனிமே உனக்கு இங்க வேலையில்ல. இன்னைக்கே வூடு போய்ச் சேரு."

நான் வழக்கம்போல "சரிங்க" என்று சொல்லிவிட்டுக் காதுக்குப் பின்னால் எண்ணெய் தடவினேன். எல்லாரும் ஓரக்கண்ணால் ராஜபார்ட்டைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பெட்ரோல் பஞ்சத்தால் அப்போது கரியில் ஓடிக்கொண்டிருந்த சேலம் பஸ்ஸை நோக்கி நடந்தார். மேனேஜர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். வேடிக்கை பார்க்க நாங்களும் ஓடினோம்.

"ஐயா, உங்களச் சொல்லலீங்க. நெசமாவே மந்திரியத்தானுங்க சொன்னேன்."

"ஒரு வருசமா அப்பிடித்தான சொல்லிக்கிட்டு இருக்கீங்க" என்றார் ராஜபார்ட். பஸ் புறப்பட்டுவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலை போனது எனக்குத்தான். மாமனாரின் ஆடுகள் கண்முன்னே வந்து நின்றன.

ஆனால் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. நல்லம்பள்ளியிலிருந்து ஜனம் வண்டி கட்டிக்கொண்டு வரும். தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ராஜா எங்கெங்க தப்புப் பண்ணுவாருன்னு முழுசாக் கேட்டு வச்சிருக்கறவன் நீ ஒருத்தன்தான். வேசத்தக் கட்டு."

போன தொண்டையோடு ராஜாவானேன். பாதிப் பாட்டை ஆர்மோனியக்காரர் பாடினார். ஒன்ஸ்மோர் என்று யாரும் கேட்கவில்லை. யாரும் எழுந்து போகவும் இல்லை.

மறுநாள் காலை எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஆடா, ஆட்டமா என்று தெரியவில்லை. மேனேஜர் வந்து என் எதிரே நின்றார். பிறகு எனக்குப் பக்கத்தில் இருந்த, ஈட்டி பிடிக்கும் சேவகன் பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா சேவகா, நேத்து உன் சுருதி எந்தூருக்குப் போயிருந்துச்சு?"

"இனிமே பாத்துக்கறனுங்க" என்றான், மேடையில் வாயே திறக்காத அவன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை நிலைத்துவிட்டது.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது அரிசி மில் ஓடுகிறது. டாக்டர் என் சர்க்கரையைப் பற்றி என்னிடமே சொல்கிறார். காது மந்தமாகிவிட்டது என்று மருமகள் என்னிடமே சொல்கிறாள். நேற்று பேத்திகூட, "தாத்தா, கண்ணுக்குள்ள எண்ணெய ஊத்தறீங்க" என்றாள். பழக்க தோஷம், பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். "இனிமே பாத்துக்கறனுங்க" என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.