தராசுக்காரி செய்த குமிழ்

என் மனைவியிடம் "கிட்டத்தட்ட சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திட்டு வாங்காமல் தப்பித்தவர்கள் யாரும் இல்லை. இருபத்தாறு வருடமாக எடை இயந்திரங்களைப் பழுது பார்க்கிறாள். காய்கறிக் கடை, நகைக்கடை, மருந்துக்கடை என்று எல்லா இடத்திலும் அவளுக்குப் பெயர் தராசுக்காரி. முள் ஒரு கோடு தள்ளி நின்றால் அவளுக்குத் தூக்கம் வராது, எனக்கும் வராது, ஏனென்றால் புலம்பலைக் கேட்கிறவன் நான். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். படிக்க வந்த ஆள் சுவரில் மோதாமல் வண்டியை நிறுத்தினாலே என் தொழிலில் அது பெரிய வெற்றி. அதனால் எங்கள் இருவருக்கும் அடிக்கடி முட்டிக்கொள்ளும். இருந்தாலும் அவள் தன் அண்ணனுக்காகச் செய்த குமிழைப் பற்றி நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

அண்ணன் என்றால் என் மச்சான். மருத்துவமனையில் தொலைபேசி இணைப்பு கொடுக்கும் வேலை. இருபத்தெட்டு வயதில் பார்வை மங்க ஆரம்பித்து முப்பத்தைந்தில் முழுதாகப் போய்விட்டது. இப்போது ஐம்பத்தைந்து. யாராவது பரிதாபமாகப் பேசினால் இணைப்பைத் துண்டித்துவிடுவார். எங்கள் வீட்டுக்கு வந்தால் நாற்காலியில் இடித்துக்கொள்வது நான்தான், அவர் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தோம். மச்சான் திடீரென்று சொன்னார்:

"வாண்டு, தப்பா எடுத்துக்காதே. உன் மூஞ்சி எனக்கு மறந்துபோச்சு."

ஐம்பத்தொரு வயதானாலும் அவருக்கு அவள் வாண்டுதான்.

"குரல் இருக்கு. நீ கோவமா வந்தா வாசல்லயே தெரியுது. மூஞ்சி மட்டும் வரல. போன வருஷம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சம் வந்துச்சு. இப்ப சுத்தமா இல்ல."

நான் பேச்சை மாற்ற, மோர் வேண்டுமா என்று அவரிடம் கேட்டேன். அவளோ, நின்றுபோன தராசைத் தூக்கிக்கொண்டு வரும் கடைக்காரரிடம் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"கடைசியா எப்ப சரியா வந்துச்சு?"

மச்சான் சொன்னார்: "படகு ஆட்டத்தை நினைச்சா வரும். நான் ஆடுவேன், நீ பக்கத்துல உக்காந்து பாப்ப. டிவி வெளிச்சம் உன் மேல விழும். அந்தக் குமிழ் கையில இருந்தா ஒருவேளை இன்னமும் வருமோ என்னமோ."

சும்மா சொன்ன பேச்சுதான். அவள் அதை வேலையாக எடுத்துக்கொண்டுவிட்டாள்.

அது என்ன ஆட்டம் என்று சொல்லிவிடுகிறேன். டிவியோடு இணைத்து ஆடுகிற பழைய விளையாட்டுப் பெட்டி. குகைக்குள் ஓடும் ஆற்றில் படகு போகும். இடக்கரையை நெருங்கினால் தடித்த ஓசை, வலக்கரையை நெருங்கினால் கீச்சென்ற ஓசை; காதை வைத்தே ஓட்டிவிடலாம். மற்ற ஆட்டங்களுக்கெல்லாம் சாதாரணக் கைப்பிடி போதும். இந்த ஒன்றுக்கு மட்டும் உள்ளங்கை அளவில் தனியாக ஒரு குமிழ் வரும். இடம் வலமாகத் திருப்பினால் படகு திரும்பும். அந்தக் குமிழைக் கொஞ்ச நாளிலேயே செய்வதை நிறுத்திவிட்டார்கள். பெட்டியையும் ஆட்டத்தையும் அவர்கள் அம்மா துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். குமிழை மச்சானின் நண்பர் இரவல் வாங்கிப்போனார், போனது போனதுதான்.

இணையத்தில் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியதில் மூன்று படங்கள் கிடைத்தன. எங்கோ ஓர் ஆள் ஒரு குமிழைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார். திறந்து உள்ளே அளந்து சொல்ல முடியுமா என்று எழுதிக் கேட்டாள். திறந்தால் அதன் மதிப்பு போய்விடும் என்று பதில் வந்தது.

"திறந்து பாக்காத சாமான் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன!" என்று போனை மேசையில் வைத்துவிட்டு விளையாட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டாள்.

குமிழைச் செருகும் இடத்தில் ஒன்பது ஊசிகள். எந்த ஊசிகளுக்கு வேலை இருக்கிறது என்று மீட்டரை வைத்து ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள். பழைய ரேடியோவின் வால்யூம் கன்ட்ரோலைக் கழற்றி மாட்டினாள். படகு முதலில் சோம்பேறியாக நகர்ந்து, பிறகு ஒரே பாய்ச்சலில் பாறையில் மோதியது. என்னிடம் படிக்க வருகிறவர்கள் அப்படித்தான் ஓட்டுவார்கள் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"வால்யூம் காதுக்காகச் செஞ்சதுங்க. மொதல்ல கொஞ்சமா ஏறும், கடைசில தாவும். நமக்கு ஒரே சீரா ஏறணும்."

ஒரே சீராக ஏறுவது, கழித்துப்போட்ட ஒரு தராசில் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் திருகில் கிடைத்தது.

அடுத்து கனம். படத்தைப் பார்த்தால் கனம் தெரியுமா? மச்சானைத் தன் தராசுக் கடைக்கு வரவழைத்தாள். அவர் உள்ளங்கையில் ஒரு மூடியை வைத்து, அதன்மேல் எடைக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றினாள். நூறு கிராம், இருநூறு, இருநூற்றைம்பது.

"கனம் ஜாஸ்தி."

இருபது எடுத்தாள்.

"இப்ப லேசு."

ஐந்து வைத்தாள். மச்சானின் விரல்கள் தாமாகவே மூடிக்கொண்டன. "இதான்," என்றார். நாற்பது வருடத்துக்கு முன் பிடித்த ஒரு பொருளின் கனத்தை ஒரு மனிதரின் கையிலிருந்து ஐந்து கிராம் துல்லியத்தில் எடுத்துவிட்டாள். சொல்வதற்கென்ன, அன்று எனக்கு அவள்மேல் பெருமை தாங்கவில்லை. கடைக்கு வந்த இரண்டு பேரை நிறுத்திவைத்துச் சொன்னேன்.

ஆறு வாரத்தில் குமிழ் தயாராகிவிட்டது. நகைக்கடைத் தராசின் பேரிங் போட்டு, ஊதினால் சுற்றும்படி செய்திருந்தாள். துளி ஆட்டம் இல்லை, துளி உராய்வு இல்லை. பழைய டிவி ஒன்றையும் தேடிப்பிடித்து, ஞாயிற்றுக்கிழமை மச்சானைக் கூப்பிட்டு உட்காரவைத்தோம்.

படகு புறப்பட்டது. இடப்பக்கம் மோதியது. மறுபடி புறப்பட்டது. வலப்பக்கம் மோதியது. பத்துத் தடவைக்கு மேல் முயன்றார், முதல் வளைவைத் தாண்டவில்லை. ஒரு காலத்தில் ஏழு குகைகளைக் கடந்த ஆள். அவர் நெற்றி வியர்த்திருந்தது.

"குமிழ்ல ஒரு குத்தமும் இல்ல வாண்டு," என்று அதை மெதுவாகக் கீழே வைத்தார். "எனக்குத்தான் இதுவும் மறந்துபோச்சு. விடு."

சமாதானம் சொல்கிறேன் என்று நான் வாயைத் திறந்தேன். அவள் என் தொடையில் ஒரு கிள்ளு வைத்தாள். அவள் கண் மச்சானின் வலது கைமேல் இருந்தது. குமிழைக் கீழே வைத்த பிறகும் அந்தக் கை மடியில் தன்பாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் நடுவில் ஓர் இடத்தில் மணிக்கட்டு லேசாக நின்று, பிறகு போனது.

"அண்ணா, ஏன் அங்க நிக்குது?"

"எங்க?"

"உன் கை. நடுவுல நின்னு போகுது."

மச்சான் மறுபடி திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது. "அங்க ஒரு இடறல் இருக்குமே. படகு நேரா இருக்குன்னு அதை வெச்சுத்தான் எனக்குத் தெரியும்."

"படத்துல அப்படி ஒண்ணும் இல்லையே."

"எப்படி இருக்கும்? வாங்கின மொத வாரமே அதை மாடிப்படியில போட்டுட்டேன். அப்பாவுக்குப் பயந்து யார்கிட்டயும் மூச்சு விடல."

"இதை இப்பவா சொல்ற? நாப்பது வருஷம் கழிச்சு!" என்று அவள் கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். ஆனால் அந்தக் கத்தலில் சந்தோஷம் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்காரர் தம் குமிழையே கொடுத்திருந்தாலும் அது மச்சானுக்கு உதவியிருக்காது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாளே குட்டி இரும்புக் குண்டும் ஸ்பிரிங்கும் வைத்து நடுவில் தடுக்கும்படி செய்தாள். வழக்கம்போல அழகாக, அளவாக. மச்சான் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது சுவிட்ச் மாதிரி தட்டுது. அது தட்டாது. வழியில சின்னதா கல்லு தடுக்கற மாதிரி இருக்கும்."

அவளுக்கு என்ன செய்யவேண்டும் என்று தெரிந்துவிட்டது. செய்யத்தான் மனம் வரவில்லை. மாடிப்படியில் விழுந்ததில் வளைந்ததுபோலவே குமிழின் அச்சை வளைக்கவேண்டும். கடையில் தராசைக் கீழே போட்டு அச்சை வளைத்துக்கொண்டு வருகிறவர்களை அவள் கேட்கிற கேள்வி இருக்கிறதே, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கும். அப்படிப்பட்டவள் தானே கடைந்த அச்சைப் பட்டறைக்கல்லின்மேல் வைத்து, சுத்தியலை எடுத்து, கீழே வைத்து, மறுபடி எடுத்தாள்.

"நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க," என்றாள் என்னிடம்.

திரும்பிக்கொண்டேன். ஒரே அடி. திரும்பிப் பார்த்தபோது அச்சை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உருட்டிக்கொண்டிருந்தாள். ஒரு முடியளவு வளைவு. கெடுப்பதிலும் அவள் அளவு தப்பவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் குமிழை வாங்கி இரண்டு முறை திருப்பினார். ஆட்டத்தைப் போடச் சொன்னார். படகு முதல் வளைவைத் தாண்டியது. இரண்டாவது வளைவு, பாறைகள், முதல் குகை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். எனக்குக் கண் இருந்தும் அந்தப் பாறைகளுக்கு நடுவே அப்படி ஓட்ட வராது. இரண்டாவது குகையில் அவர் தோள்கள் தளர்ந்தன. மூன்றாவதில் வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தார்.

நான்காவது குகை வாசலில் கை அப்படியே நின்றுவிட்டது. படகு போய்ப் பாறையில் மோதியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, தன் முழங்காலுக்குப் பக்கத்தில், தரையைப் பார்த்துச் சிரித்தார்.

"வாயைப் பொளந்துட்டு பாக்கற. ஒரு பக்கம் ஜடை அவுந்திருக்கு. கன்னத்துல பேனா மை."

என் மனைவி அவருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்தாள். மூட்டுவலிக்காரி, தரையில் உட்கார்ந்து பல வருடம் ஆகிறது. மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, அவர் முகம் திரும்பியிருந்த அந்த இடத்தில், அவர் முழங்காலை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"ஆடுண்ணா," என்றாள். "பாத்துட்டுத்தான் இருக்கேன்."