கட்டைவிரல் போட்டவர்கள்

என் மனைவியின் முதல் வருடத் திதிக்குப் பத்து வாழை இலை கழுவி வைத்திருந்தேன். வருகிறவர்களுக்கு எட்டு, எனக்கு ஒன்று, படையலுக்கு ஒன்று. வந்தது ஒரே ஆள், கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்த அவளுடைய அக்கா.

முதலில் ஞாயிற்றுக்கிழமை என்றுதான் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். பிறகு கோயில் ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்து, திதி வியாழனே வந்துவிடுகிறது என்றார். அன்றே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாள் மாறியதைத் தமிழில் நான்கு வரி எழுதினேன். அரை மணி நேரத்தில் ஏழு கட்டைவிரல், ஒரு கும்பிடு. குழுவில் என்னைத் தவிர எட்டுப் பேர். கணக்குச் சரி என்று நிம்மதியாகப் படுத்தேன்.

வியாழன் மதியம் வீட்டுக் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். எங்கள் பிரிக்பீல்ட்ஸில் வண்டி நிறுத்த இடம் கிடைத்திருக்காது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒன்றரைக்கு ராகு காலம் என்பதால் ஒன்றேகாலுக்குப் படைத்துவிட்டு, செராஸில் இருக்கும் மகனைக் கூப்பிட்டேன்.

"ஞாயித்துக்கிழமதானே ப்பா?"

முதல் கட்டைவிரல் அவனுடையதுதான் என்றேன்.

"நீங்க எழுதினா எப்பவும் போடுவேன்லா. பாத்துட்டு சும்மா இருந்தா மரியாத இல்ல. எனக்குத் தமிழ் படிக்க வராதுன்னு தெரியும்தானே ப்பா."

தெரியாமல் என்ன? அவனையும் மகளையும் மலாய்ப் பள்ளியில் சேர்த்தவன் நான். சேர்க்கைப் பாரத்தில் கையெழுத்துப் போட்டவனும் நான். வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைகள், எழுத்து தன்னால் வந்துவிடும் என்று நினைத்தேன். பேரப்பிள்ளைகளுக்கும் அதே கதை. எண்ணிப் பார்த்தேன். எட்டில் தமிழ் வாசிப்பவர் ஒருவர். அவர் என் எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மூணு பாஷ படிச்ச பிள்ளைங்க. ஒரு சேதி படிக்க ஆளில்ல," என்றார் அக்கா. "ரசத்தையாவது ஊத்துங்க தம்பி."

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு முறை படைப்பதாக முடிவு செய்தேன். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதச் சொன்னான் மகன். இரண்டு வரிக்கு நாற்பது நிமிடம் ஆனது. எழுதி முடித்ததைப் பார்த்தால் யாரோ எழுதியது போலிருந்தது. ஆனால் கட்டைவிரல் வரவில்லை, அதே எழுத்தில் பதில் வந்தது. பேத்தி ஒருத்தி தயிர் வாங்கி வரவா என்று கேட்டிருந்தாள். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்த பிறகுதான் தமிழாகக் காதில் விழுந்தது. ஆங்கில எழுத்து தெரியாத அக்காவுக்கு மட்டும் போனில் சொன்னேன்.

ஞாயிறு எட்டுப் பேரும் வந்தார்கள். சாப்பிட்ட பிறகு மகன் கைப்பேசியை எடுத்து, குழுவின் பழைய செய்திகளை மேலே மேலே தள்ளிக்கொண்டே போனான்.

"இதெல்லாம் என்னா ப்பா எழுதியிருக்கீங்க? நெறய இருக்கு."

அவள் போன அந்த ஒரு வருடத்தில் அறுபத்திரண்டு செய்தி எழுதியிருந்தேன். ஒவ்வொன்றின் கீழும் கட்டைவிரல்கள்.

"அம்மாவப் பத்திதான்," என்றேன்.

மகன் கைப்பேசியை என்னிடம் நீட்டினான்.

"படிங்க ப்பா."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலாவதைப் படித்தேன். கல்யாணமான புதிதில் பந்திங் ஊருக்குப் போகும் பஸ்ஸில் டிக்கெட்டைத் தொலைத்துவிட்டு அவள் அழுதது. மகள், அம்மா இதைச் சொன்னதே இல்லை என்றாள். மூன்றாவதைப் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினேன். சாலை நெரிசலுக்குமுன் கிளம்ப வேண்டும் என்று எழுந்தார்கள். அடுத்த ஞாயிறு வருகிறேன், மிச்சத்தைப் படியுங்கள் என்றான் மகன்.

மிச்சம் ஐம்பத்தொன்பது. வாரத்துக்கு மூன்று என்றால் இருபது ஞாயிறு. எனக்கு எழுபத்தெட்டு வயது.